நெல்லைச் சீமையில் பழம்பீங்கானும் பழம்பொருளும்: ஏலத்தில் வாங்குவோருக்கு ஒரு முழு வழிகாட்டி

நெல்லைச் சீமையில் ஏலம் பார்க்காமல் வளர்ந்தவர்கள் குறைவு. கிறிஸ்தவர்களின் அறுப்பின் பண்டிகையில் கோயில் முற்றத்தில் வாழைத்தாரும் கோழியும் முதல் காய்ப்புத் தேங்காயும் ஏலத்துக்கு வரும். இருநூறு ரூபாய்த் தாரை இரண்டாயிரத்துக்கு எடுப்பவரை ஊரே மெச்சும். பணம் கோயிலுக்குப் போகிறது என்பதால் அங்கே கூட்டிக் கேட்பதுதான் மரியாதை. பழம்பொருள் ஏலத்தில் அந்த வழக்கத்தைத் தொடர்ந்தால் கை சுட்டுவிடும். அங்கே உங்களை மெச்ச யாரும் இல்லை. பொருளுக்கு உரிய விலையும், அந்தப் பொருள் யாரிடமிருந்து எப்படி வந்தது என்ற விவரமும் மட்டுமே கணக்கு.

பழம்பொருளை வாங்கும்போது அது வந்த வழியையும் சேர்த்து வாங்க வேண்டும். யார் வீட்டு அடுக்களையில் இருந்தது, எந்தக் கப்பலில் வந்தது, எந்தப் பாகப்பிரிவினையில் கைமாறியது என்ற விவரம் இல்லாத பொருள் அழகாக இருக்கலாம். வரலாற்றுப் பொருளாக அது பாதிதான். சில வகைகளில் அந்த விவரம் இல்லாமல் வாங்குவது குற்றத்திலேயே கொண்டுபோய் விடும். அதனால் சட்டத்திலிருந்து தொடங்குகிறேன்.

முதலில், தொடக்கூடாதவை

பழம்பொருள்களுக்கான அடிப்படைச் சட்டம் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டம். 1976 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. நூறு ஆண்டு நிறைந்த பொருள் தொல்பொருள். ஓலைச்சுவடி, ஆவணம் போன்றவற்றுக்கு எழுபத்தைந்து ஆண்டே போதும். தொல்பொருளைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. அதை விற்கும் தொழில் செய்பவருக்கு உரிமம் வேண்டும். கல், சுடுமண், உலோகம், மரம், தந்தம், எலும்பு ஆகியவற்றில் செய்த சிற்பங்களையும், ஓவியங்களையும், ஓவியம் தீட்டிய சுவடிகளையும் வைத்திருப்பவர் பதிவு அலுவலரிடம் பதிய வேண்டும். கைமாறினால் அதையும் தெரிவிக்க வேண்டும். பாட்டி வீட்டு ஜாடிக்கும் தட்டுக்கும் இந்தப் பதிவு தேவையில்லை. ஆனால் நூறு வயதைத் தாண்டியிருந்தால் ஏற்றுமதித் தடை அவற்றுக்கும் உண்டு. சிங்கப்பூரில் இருக்கும் மகள் ஆசைப்படுகிறாள் என்று பெட்டியில் வைத்து அனுப்புவதற்கு முன் இதை நினைவில் வையுங்கள். வயது குறைவான பொருள் என்றால், அது தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொண்டு அனுப்பலாம்.

மண்ணிலிருந்து எடுத்ததை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். நம் பக்கத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. தாமிரபரணிக் கரையின் ஆதிச்சநல்லூரை 1876-இல் ஜெர்மானியரான யாகோர் தோண்டினார். எடுத்தவை பெர்லினுக்குப் போயின. 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீ தோண்டியவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குச் சென்றன. முதுமக்கள் தாழிகளும் கறுப்பு-சிவப்பு மண்கலங்களும் வெண்கலப் பொருள்களும் தங்க நெற்றிப்பட்டங்களும் கிடைத்த இடம் அது. கொற்கை, சிவகளை, பழையகாயல் என்று ஆற்றோரம் முழுக்க இப்படிப்பட்ட இடங்கள் உண்டு. மார்க்கோ போலோ குறிப்பிட்ட காயல் துறைமுகத்தில் சீனப் பீங்கான் சில்லுகள் சிதறிக் கிடந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கால்டுவெல் பார்த்து எழுதியிருக்கிறார். “தாழியிலிருந்து எடுத்த கிண்ணம்”, “காயல் காட்டில் கிடந்த சீனாத் தட்டு” என்று யாராவது துணியில் சுற்றிக் கொண்டுவந்தால் விலை கேட்கவே வேண்டாம். நிலத்தில் புதைந்து கிடைத்ததைக் கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம் சொல்கிறது. அந்தச் சட்டத்தின் வரம்பு பத்து ரூபாய் மதிப்புதான். சட்டத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. எந்த அடுக்கில், எதன் பக்கத்தில் கிடந்தது என்ற செய்தி அழிந்துவிட்டால் எந்த ஆய்வாளராலும் அதை மீட்க முடியாது. ஒரு கிண்ணத்துக்குப் பணம் கொடுப்பவர் அடுத்த குழிக்குக் கூலி கொடுக்கிறார்.

கோயில் பொருள்களும் அப்படியே. கல்லிடைக்குறிச்சி குலசேகரமுடையார் கோயிலின் நடராசர் 1982-இல் திருடுபோனார். 2001-இல் ஆஸ்திரேலியாவில் அடிலெய்டில் உள்ள கலைக்கூடம் ஒன்று அந்தச் சிலையைச் சந்தையில் விலைக்கு வாங்கியது. 2019-இல் அது ஊர் திரும்பியது. வல்லுநர்களும் வழக்கறிஞர்களும் உள்ள ஒரு நிறுவனமே அப்படி வாங்கியிருக்கும்போது, அறையில் டார்ச் அடித்துப் பார்த்து வாங்கும் நமக்கு என்ன பாதுகாப்பு? விக்கிரகம், உற்சவர் அணிகலன், வாகனத்தின் மரச்சிற்பம், கோயில் பெயர் பொறித்த விளக்கு எதுவானாலும் விலகிவிடுங்கள். “எங்கள் குடும்பக் கோயிலுடையது” என்ற வாய்மொழி ஆவணமாகாது.

தந்தப் பொருளை எவ்வளவு பழையது என்று சொன்னாலும் விற்கவும் வாங்கவும் முடியாது. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கிறது. தந்தப் பிடி போட்ட கத்தி, தந்தம் பதித்த பெட்டி எல்லாம் இதில் அடக்கம். வாள், துப்பாக்கி என்றால் ஆயுதச் சட்டம் பற்றிக் காவல் நிலையத்தில் கேட்டுத் தெளிந்த பிறகே ஏலப் பட்டியலைப் பாருங்கள்.

எதைச் சேர்ப்பது

இவ்வளவையும் கழித்த பின்னும் நம் சீமையில் சேர்ப்பதற்கு ஏராளம் மிஞ்சுகிறது. அதைத்தான் யாரும் மதிப்பதில்லை என்பது என் ஆதங்கம். சிலையை எல்லாரும் தேடுகிறார்கள். ஊறுகாய் ஜாடி இரும்புக் கடைக்காரர் வண்டியில் ஏறுகிறது.

கொழும்பிலும் ரங்கூனிலும் கடை வைத்திருந்த குடும்பங்கள் திருச்செந்தூர், நாசரேத், சாயர்புரம், மேலப்பாளையம் பக்கமெல்லாம் உண்டு. அவர்கள் விடுமுறைக்கு வரும்போது கொண்டுவந்த நீல-வெள்ளைத் தட்டுகள், பூப்போட்ட சூப்புக் கிண்ணங்கள், எனாமல் அடுக்குச் சட்டிகள் இன்னும் பரண்களில் இருக்கின்றன. காயல்பட்டினத்தில் களறி எனும் விருந்துச் சாப்பாட்டுக்குச் சகன் என்ற பெரிய தட்டை வைத்து, சுற்றி உட்கார்ந்து உண்ணும் வழக்கம் தொடர்வதால் பெரிய தட்டுகளுக்கு அங்கே ஒரு வாழும் மரபு இருக்கிறது. மிஷன் பங்களாக்களுக்கு வந்த ஆங்கிலேயத் தேநீர்ச் செட்டுகள் ஏலத்தில் கைமாறி ஊர் வீடுகளுக்குள் நுழைந்திருக்கின்றன. பீங்கானை விட்டால் மரக்கால், படி, நாழி, உழக்கு, பெயர் வெட்டிய சீர் பாத்திரங்கள், மை புட்டி, கோலி சோடா புட்டி. ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1872-இல் காப்புரிமை பெற்ற புட்டி அது. இங்கே சோடாக் கடைகளில் இன்னும் அதைக் காணலாம்.

ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். கல்பீங்கான் ஜாடி மட்டும், அல்லது அளவைகள் மட்டும், அல்லது ஒரே ஊரின் பாத்திரங்கள் மட்டும். எல்லாவற்றிலும் கை வைப்பவர் எதிலும் கண் பழகமாட்டார்.

கண்ணைப் பழக்குவது

பாளையங்கோட்டை அரசு அருங்காட்சியகம் பக்கத்திலேயே இருக்கிறது. ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழிகளையே கண்ணாடித் தளத்துக்குக் கீழே பார்க்கலாம். ரெட்டியார்பட்டியில் எழுந்திருக்கும் பொருநை அருங்காட்சியகம் ஆற்றங்கரை அகழாய்வுகளுக்கென்றே கட்டப்பட்டது. சீனத்துப் பெரிய ஜாடிகளைப் பார்க்க நாகர்கோவில் தாண்டி பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போங்கள். விலை போட்ட பொருளை மட்டுமே பார்த்துப் பழகிய கண் விலையைத்தான் பார்க்கும். விற்பனைக்கு இல்லாத பொருள் முன்னால் அரை மணி நேரம் நின்றால்தான் வடிவமும் கண்ணாடி போன்ற மேல்பூச்சும் தெரியத் தொடங்கும்.

பீங்கானில் மூன்று வகை உடம்பு உண்டு. குறைந்த சூட்டில் சுட்ட மண்கலம் நீரை உறிஞ்சும். நகத்தால் தட்டினால் மந்தமான ஒலி. ஏறத்தாழ 1200 டிகிரிக்கு மேல் சுட்ட கல்பீங்கான் கனமானது, நீர் புகாதது. நம் ஊறுகாய் ஜாடி இந்த வகை. அசல் பீங்கான் அதைவிட அதிகச் சூட்டில் வெந்தது. மெல்லிய தட்டை விளக்குக்கு நேரே பிடித்து மறுபக்கம் விரலை வைத்தால் விரலின் நிழல் தெரியும்.

அடுத்து அடிப்பக்கம். தட்டின் முகத்தைப் பார்ப்பவர் வாடிக்கையாளர், அடியைப் பார்ப்பவர் சேகரிப்பாளர். அடிவளையத்தில் பூச்சு படாத இடம் எந்த நிறம், மணல் ஒட்டியிருக்கிறதா, மேசையில் உரசி உரசி வழவழப்பாகியிருக்கிறதா என்று பாருங்கள். உண்மையான தேய்மானம் படும் இடத்தில் மட்டும் இருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்த போலியில் கீறல்கள் ஒரே திசையிலோ, தரையில் படவே முடியாத இடத்திலோ தெரியும்.

அடியில் முத்திரை இருந்தால் வயதை ஓரளவு நெருங்கலாம். வைர வடிவப் பதிவு முத்திரை பிரிட்டனில் 1842 முதல் 1883 வரை இருந்தது. 1884-இலிருந்து அதற்குப் பதிலாகப் பதிவு எண் வந்தது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா 1890-இல் சட்டம் போட்டதால் 1891-இலிருந்து ‘இங்கிலாந்து’, ‘நிப்பான்’ போன்ற பெயர்கள் அடியில் ஏறின. நிப்பான் என்பது 1921 வாக்கில் நின்று ஜப்பான் ஆனது. ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்தது’ என்று ஆங்கிலத்தில் இருந்தால் அது இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1952-க்கு முன். ‘மேட் இன் இங்கிலாந்து’ என்ற முழு வாசகம் பெரும்பாலும் இருபதாம் நூற்றாண்டு. நாட்டின் பெயர் இல்லை என்பதற்காக 1891-க்கு முந்தையது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அமெரிக்காவுக்குப் போகாத சரக்கில் அது கட்டாயம் இல்லை. நம் பக்கத்துக்கு வந்த சரக்கு எத்தனையோ அப்படிப்பட்டது. சீனத்து அரசர் முத்திரையை அதைவிடக் குறைவாக நம்புங்கள். காங்ஷி பேரரசர் 1661 முதல் 1722 வரை ஆண்டார். அவர் பெயர் முத்திரையைப் பின்னாளில் மரியாதைக்காகவும் மோசடிக்காகவும் போட்டுக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு ஜாடியைக் கிட்டத்தில் பார்ப்போம். தோள்வரை காப்பிக்கொட்டை நிறம், கீழே வெள்ளை. தென்பக்கம் பரணி என்றும் சொல்வார்கள். உள்ளே கையை விட்டுத் தோளின் அடிப்பக்கத்தைத் தடவினால், சக்கரத்தில் வனைந்ததாக இருந்தால் விரலோட்டம் சுழன்று ஏறுவது கைக்குத் தெரியும். அச்சில் வார்த்ததாக இருந்தால் உள்புறம் ஒரே சீராக இருக்கும். வெளியே இரு பாதியும் சேரும் கோடு கிடைக்கும். மேல்தோல் ஆரஞ்சுப் பழத் தோலைப் போலச் சின்னச் சின்னக் குழிகளோடு இருந்தால் உப்புப் பூச்சு: சூளை உச்சச் சூட்டில் இருக்கும்போது உள்ளே உப்பை எறிவார்கள், ஆவியான சோடியம் களிமண்ணோடு கூடிக் கண்ணாடியாகும். மூடியைப் போட்டுத் திருப்பிப் பாருங்கள். சொந்த மூடி ஒரு நிலையில் சத்தமில்லாமல் அமரும். வேறு ஜாடியின் மூடி எங்கே திருப்பினாலும் ஆடும். இதே இரு நிற ஜாடி இன்றும் உத்தரப் பிரதேசத்துக் குர்ஜாவில் செய்யப்பட்டுக் கடைகளில் விற்கிறது. நிறத்தை வைத்து வயது சொல்பவரை நம்ப வேண்டாம்.

கம்பி போட்டுத் தைத்த தட்டைக் கழித்துக்கட்ட வேண்டாம் என்றும் சொல்வேன். உடைந்த பீங்கானில் நுணுக்கமாகத் துளையிட்டு உலோகத் தையல் போடும் கைவேலை பசைகள் வந்த பிறகு ஏறத்தாழ மறைந்துவிட்டது. அந்தத் தட்டு விலையில் குறையும். ஆனால் ஒரு வீடு அதை எவ்வளவு நேசித்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

வந்த வழியைக் கேட்பது

நம் சீமையில் வயதைக் கணிக்க வேறெங்கும் எளிதில் கிடைக்காத ஓர் உதவி உண்டு: கொல்லம் ஆண்டு. பத்திரங்களிலும் ஓலைகளிலும் பாத்திரங்களிலும் அது வரும். ஆவணியில் பிறக்கும் ஆண்டு, கி.பி. 825-இல் தொடக்கம். ஆவணி முதல் மார்கழி நடு வரை 824-ஐயும், அதன்பின் 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும். பித்தளைப் பானையின் கழுத்தில் பெயருக்குப் பக்கத்தில் 1082 என்று வெட்டியிருந்தால் அது 1906 ஆவணிக்கும் 1907 ஆடிக்கும் இடையில். 1082-ஐக் கி.பி. என்று எண்ணி ஆயிரம் வருடப் பழமை சொல்பவரிடமும், தெரியாமல் எடைக்குப் போடுபவரிடமும் இந்தக் கணக்கு உங்களுக்குக் கைகொடுக்கும். படியிலும் மரக்காலிலும் தமிழ் எண்கள் இருக்கலாம். ௧, ௨ முதல் ௰ வரை படிக்கத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

விற்பவரிடம் கேட்கும் முறை முக்கியம். “என்ன விலை?” என்று தொடங்கினால் விலைதான் கிடைக்கும். “அண்ணாச்சி, இது எந்த ஊர் வீட்டிலிருந்து வந்தது? கூட வேறு என்னென்ன வந்தன?” என்று தொடங்குங்கள். வீரவநல்லூரில் இடித்த ஒரு வீட்டிலிருந்து நிலைக்கதவோடு வந்தது என்று அவர் சொன்னால், தேதி போட்டு அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். குடும்பத்தாரின் கையெழுத்தில் இரண்டு வரி, பழைய கல்யாண போட்டோவில் அந்தப் பாத்திரம் தெரியும் மூலை, பாகப்பிரிவினைப் பட்டியலின் நகல், ரங்கூன் கடையின் ரசீது எதுவானாலும் பொருளோடு கேட்டு வாங்குங்கள். கேட்டால் பெரும்பாலானோர் கொடுக்கிறார்கள். கேட்காததால்தான் வீடு காலி செய்யும் நாளில் அந்தக் காகிதங்கள் குப்பையில் எரிகின்றன.

ஏலம் எங்கே, எப்படி

பழம்பொருளுக்கென்றே நடக்கும் ஏலங்கள் பெரும்பாலும் சென்னை, பெங்களூரு, மும்பை போன்ற நகரங்களிலும் இணையத்திலும் நடக்கின்றன. உள்ளூரில் கிடைப்பவை வேறு வகை: வீடு காலி செய்யும்போது சாமான்களை மொத்தமாக ஏலம் விடுவது, நிறுவனங்கள் பழைய தளவாடங்களைக் கழிப்பது, பாகப்பிரிவினையில் பங்கு போட முடியாததை அண்ணன் தம்பிகளே தங்களுக்குள் ஏலம் போட்டு முடிப்பது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகள் ஏலம் அல்ல. ஆனால் சந்தை விலை எந்த மட்டத்தில் ஓடுகிறது என்று அறிய அங்கே ஒரு நாள் நடப்பது பயன் தரும்.

பட்டியல் கைக்கு வந்ததும் படத்தை விட்டுவிட்டு நிபந்தனைகளைப் படியுங்கள். வாங்குபவர் கமிஷன் எவ்வளவு, ஜிஎஸ்டி எதன்மேல், பணம் எத்தனை நாளில், பொருளை எடுக்கத் தாமதித்தால் வாடகை உண்டா, போலி என்று தெரிந்தால் திரும்ப எடுப்பார்களா. பட்டியலின் மொழியையும் கவனியுங்கள். ‘பத்தொன்பதாம் நூற்றாண்டு’ என்பது ஒரு பொறுப்பான கூற்று. ‘பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாணி’ என்பது நேற்றுச் செய்ததாகவும் இருக்கலாம். ‘இருக்கும் நிலையிலேயே விற்பனை’ என்று எழுதியிருந்தால் விரிசல் உங்கள் பொறுப்பு.

நேரில் பார்வையிட அனுமதிக்கும் நாளில் கட்டாயம் போங்கள். சின்ன டார்ச், பத்து மடங்கு பெருக்கும் பூதக்கண்ணாடி, அளவு நாடா, புற ஊதா டார்ச் போதும். பழுது பார்த்துச் சாயம் பூசிய இடம் புற ஊதா வெளிச்சத்தில் சுற்றியுள்ள பூச்சிலிருந்து வேறுபட்டு மினுங்கும். காது, மூக்கு, மூடிக் குமிழ், விளிம்பு ஆகிய நான்கு இடங்களில்தான் பழுது ஒளிந்திருக்கும். மோதிரத்தைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் அடியைத் தாங்கி எடுங்கள். கைப்பிடியைப் பிடித்துத் தூக்காதீர்கள், ஒட்டிய கைப்பிடியாக இருந்தால் கையோடு வந்துவிடும். இணைய ஏலமானால் அடிப்பக்கம், விளிம்பு, மூடியின் உள்புறம், பின்னாலிருந்து வெளிச்சம் போட்டது என நான்கு படம் கேளுங்கள். அனுப்ப மறுத்தால் அந்தப் பொருளை மறந்துவிடுங்கள்.

கேட்கும் நேரம்

வீட்டிலேயே உச்ச விலையை எழுதி முடித்துவிட வேண்டும். அதை எழுதுவதில் ஒரு கணக்குப் பிழை பலருக்கும் நேர்கிறது. மொத்தமாக 10,000 ரூபாய்தான் செலவழிக்க முடியும் என்று வைத்துக்கொள்வோம். கமிஷன், வரி, வண்டிக்கூலி எல்லாம் சேர்ந்து கேட்பு விலையில் கால்பங்கு வரும் என்றால் எங்கே நிறுத்த வேண்டும்? பலர் 7,500 என்பார்கள். சிலர் 10,000 வரை கேட்டுவிட்டுப் பிறகு விழிப்பார்கள். 8,000-இல் நிறுத்த வேண்டும். 8,000-மும் அதன் கால்பங்கு 2,000-மும் சேர்ந்தால் 10,000.

தொடக்கத்திலேயே கை தூக்கி ஆர்வத்தைக் காட்ட வேண்டிய அவசியம் இல்லை. கேட்பு மெதுவாகும் இடத்தில் நுழையுங்கள். கூட்டத்தில் இரண்டு வகை ஆட்களைக் கவனியுங்கள். பேசி வைத்துக்கொண்டு ஒருவர் மட்டும் கேட்டு, வெளியே போய்த் தங்களுக்குள் பங்கு போடும் வியாபாரிகள் ஒரு வகை. அவர்கள் விலையை அமுக்குவார்கள். விற்பவர் தரப்பிலிருந்து வந்து விலையை ஏற்றிவிட்டு நழுவுபவர் இன்னொரு வகை. இரண்டுக்கும் மருந்து வீட்டில் எழுதிய அந்த எண்தான். “ஒரு தரம், இரண்டு தரம்” என்று சொல்லும்போது எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்க்காதீர்கள், கையிலிருக்கும் தாளைப் பாருங்கள். உங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ள முடியாது என்று தோன்றினால் கேட்பு விலையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டு ஊரிலேயே இருந்துவிடலாம். பெரும்பாலான ஏல நிறுவனங்கள் இதற்கு இடம் தருகின்றன.

எடுத்ததும் ரசீதைச் சரிபாருங்கள். ‘பழைய ஜாடி ஒன்று’ என்று எழுதிய ரசீது நாளைக்கு உதவாது. அளவு, நிறம், முத்திரை, பழுது, விற்பவரின் உரிம எண் ஆகியவை அதில் இருக்கட்டும்.

ஊருக்குக் கொண்டுவருவது

முடிந்தால் நெல்லை எக்ஸ்பிரஸில் கூடவே கொண்டுவாருங்கள். பார்சல் ஆபீசில் யாரும் உங்களைப் போலத் தூக்கமாட்டார்கள். மூடியைத் தனியாகச் சுற்றுங்கள். ஜாடிக்குள் கசக்கிய காகிதம் நிறையட்டும். அச்சு மை ஒட்டும் என்பதால் செய்தித்தாளை நேராகப் பொருளின்மேல் படவிடாமல் முதலில் வெள்ளைத் துணி சுற்றுங்கள். தங்கப்பூச்சின்மேல் ஒட்டுநாடா பட்டால் நாடாவோடு தங்கமும் வந்துவிடும். தட்டுகளைப் படுக்க வைக்காமல் செங்குத்தாக நிறுத்தி அடுக்குங்கள். பெட்டிக்குள் பெட்டி, நடுவில் நாலு விரல் இடைவெளி.

வீட்டுக்கு வந்த பின்

ஏலத்தில் ஏமாறுவதைவிட வீட்டில் கழுவும்போதுதான் அதிகப் பொருள்கள் பாழாகின்றன. பீங்கானுக்கு வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்பு, பழைய பருத்தித் துணி போதும். ப்ளீச்சிங் பவுடர், ஆசிட் இரண்டும் வேண்டாம். மயிர்விரிசல் வழியே உள்ளே போகும் ப்ளீச் காய்ந்து படிகமாகிப் பூச்சைத் தூக்கிவிடும். பூச்சின் மேல் தீட்டிய பூவும் பொன்கோடும் உள்ள தட்டை ஊற வைக்கவே கூடாது.

பழைய ஊறுகாய் ஜாடிக்கென ஒரு தனிச் சிக்கல் உண்டு. தலைமுறை தலைமுறையாக நார்த்தங்காயும் புளியங்குடி எலுமிச்சையும் வடுமாங்காயும் உப்பில் ஊறிய ஜாடியில், நூல் விரிசல் இருந்தால் அதன் வழியே உப்பு உடம்புக்குள் இறங்கியிருக்கும். கோடையில் அது வெளியே வந்து வெள்ளையாகப் பூக்கும். மழைக்காலத்தில் கரைந்து திரும்ப உள்ளே போகும். இப்படி ஏறி இறங்கி ஏறி இறங்கி ஒருநாள் பூச்சைச் செதிலாக உரித்துவிடும். துணியால் துடைத்துவிட்டால் போய்விடாது. பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் ஜாடியை முழுக வைத்து, நாள்தோறும் நீரை மாற்றிக்கொண்டே வர வேண்டும். தண்ணீரில் உப்பு இறங்குவது நின்றுவிட்டதா என்று பார்க்க, மீன்தொட்டிக்காரர்கள் வைத்திருக்கும் கரைபொருள் அளவி (டிடிஎஸ் மீட்டர்) போதும். அந்த எண் புது நீரின் எண்ணை நெருங்கும்வரை விடாமல் செய்யுங்கள். வாரக்கணக்கில் ஆகலாம். பிறகு வெயிலில் வைக்காமல் நிழலில் மெதுவாக உலரவிடுங்கள். ஒட்டுப்போட்ட ஜாடிக்கும், பூச்சு ஏற்கெனவே உரியத் தொடங்கிய ஜாடிக்கும் இதைச் செய்யாமல் அருங்காட்சியகத்தின் பாதுகாப்புப் பிரிவில் கேளுங்கள்.

சுத்தமான பிறகு அதில் மீண்டும் ஊறுகாய் போட ஆசை வரும். வேண்டாம். பழைய பூச்சுகளில் ஈயம் இருக்கலாம். புளிப்பு அதைக் கரைத்து எடுக்கும்.

பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் ஒரே ஒரு எச்சரிக்கை: புளி போட்டுப் பளபளவென்று துலக்காதீர்கள். அந்தக் கருத்த மேல்நிறம் உருவாக நூறு ஆண்டு பிடித்திருக்கிறது, வெட்டிய எழுத்தின் கூர்மையும் துலக்கத் துலக்கப் போய்விடும். தூத்துக்குடி, மணப்பாடு, குலசேகரன்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் வெளிர்பச்சைத் தூள் கொட்டத் தொடங்கினால் அது சாதாரணக் களிம்பு அல்ல. உப்புக்காற்றின் குளோரைடு வெண்கலத்தை அரிக்கிறது. அந்தப் பொருளைத் தனியே பிரித்து, சிலிகா ஜெல் பைகளோடு மூடிய டப்பாவில் வைத்துவிட்டு உலோகப் பாதுகாப்பு தெரிந்தவரைப் பாருங்கள்.

வைக்கும் இடத்தை யோசிக்கும்போது 2023 டிசம்பரை நினைத்துக்கொள்ளுங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டி, தாமிரபரணி கரை கடந்து ஊர்களுக்குள் புகுந்தது. வெள்ளம் வடிந்தபின் பீங்கானைக் கழுவி எடுத்துவிடலாம், காகிதத்தை முடியாது. அதனால் ரசீதும் குடும்பக் குறிப்பும் போட்டோவும் அலமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும். நகல் ஒன்று வெளியூரில் இருக்கும் உறவினர் வீட்டில் இருக்கட்டும்.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண். அந்த எண்ணை அடியில் பூச்சு இல்லாத இடத்தில் பென்சிலால் எழுதலாம், அல்லது நூலில் கட்டிய சீட்டில் எழுதலாம். பொருளின் மேலேயே பேனாவால் எழுதவோ ஸ்டிக்கர் ஒட்டவோ வேண்டாம். நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே அளவு, எடை, எங்கே யாரிடம் எந்தத் தேதியில் எடுத்தது, மொத்தச் செலவு, விற்றவர் சொன்ன கதை. அந்தக் கதையை அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, உங்கள் ஊகத்தைத் தனியே வேறு மையில் எழுதுங்கள். பதிவு தேவைப்படும் பொருளாக இருந்தால் பதிவுச் சான்றின் எண்ணும் அங்கேயே. இந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்காவது தெரிந்திருக்க வேண்டும்.